டேங்க் வாயில் ஒரு தகடு

பெட்ரோல் டேங்க் மூடிக்குப் பூட்டு எதற்கு என்று ஜூனியர் தம்பிகள் கேட்கிறார்கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியதும், அமெரிக்க பங்க்குகளில் நீள நீளமாய் க்யூ. ராத்திரியில் ரப்பர் ட்யூபைப் போட்டு அடுத்தவன் காரிலிருந்து உறிஞ்ச ஆரம்பித்தார்கள். பூட்டு மூடி அமோகமாய் விற்றது.

அது திருடனுக்கு. எனக்குப் பிடித்தது, வண்டியின் சொந்தக்காரனையே தடுக்க வைத்த காப்பு! 1975 மாடல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் போட்டால் உள்ளே இருக்கும் பிளாட்டினம் பூச்சு செயலிழந்துவிடும். ஆகவே ஈயமில்லாப் பெட்ரோல் நாசிலை 0.84 அங்குலத்துக்கு ஒல்லியாக்கி, டேங்க் வாயில் சிறிய ஓட்டை போட்ட தடுப்புத் தகடு ஒன்றை வைத்தார்கள். ஈயப் பெட்ரோல் நாசில் 0.93 அங்குலம், நுழையாது. சபாஷ் போட வேண்டிய டிசைன்தான்.

ஆனால் ஈயப் பெட்ரோல் காலனுக்குச் சில சென்ட் மலிவாச்சே, விடுவானா? புனல் வைத்து ஊற்றினான். சிலர் ஸ்க்ரூடிரைவரால் தகட்டையே நெம்பி எடுத்தார்கள். புகையைச் சுவாசித்ததோ தெருவில் விளையாடிய பிள்ளைகள். 1977 சட்டத்திருத்தம் ரிப்பேர் கடைகளைத்தான் தடுத்தது. சொந்தக்காரனும் கை வைக்கக்கூடாது என்று வர 1990 ஆச்சு. 1996 ஜனவரியில் அங்கே சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோலே தடை. அப்புறம் எந்த நாசிலை மாற்றிச் செருகுவது?

நம் ஊருக்கு ஈயமில்லாப் பெட்ரோல் 1995 ஏப்ரலில் வந்தது, டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் (அப்போது அதுதானே பெயர்) நான்கிலும். நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரியில்.