ரைபிள் கட்டையும் குறி தவறாமையும்: லீ-என்பீல்டு தரும் சான்று

துப்பாக்கி குறி தவறாது சுடுவதற்குக் குழலும் தோட்டாவுமே காரணம் என்பது பொதுவான எண்ணம். மரக்கட்டை கைப்பிடிக்கென அமைந்தது. குறியோடு அதற்குத் தொடர்பில்லை என்பாரும் உளர். பிரிட்டிஷ் படை ஏந்திய லீ-என்பீல்டு ரைபிளின் வரலாறு இக்கருத்தை மறுக்கின்றது. ஈண்டுக் குழலைத் தாங்கும் மரத்தை முன்கட்டை என்றும், தோளிற் பொருந்துவதைப் பின்கட்டை என்றும் வழங்குவோம்.

சுடுங்கால் குழல் அசைவற்று நிற்பதில்லை. குண்டு வெளியேறுமுன்னரே அதிர்கின்றது. அவ்வதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே தன்மைத்தாயின் குண்டுகள் நெருங்கித் தைக்கும். முன்கட்டை குழலை இன்று ஒருவாறும் நாளை வேறொருவாறும் அழுத்துமாயின் குறி விலகும். மரமோ ஈரத்தில் வீங்கி வெயிலில் சுருங்கும் இயல்பினது. மழையில் நனைந்த ரைபிள் பிழைப்பின், அதற்கு வீரனின் கையை மட்டும் பழித்தல் பொருந்தாது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த குறுகிய லீ-என்பீல்டின் கட்டை இரு துண்டுகளால் ஆயது. முன்கட்டை குழலின் வாய்வரை நீண்டிருந்தது. பின்கட்டையை உள்ளே ஓடும் நீண்ட மரையாணி இரும்புக்கூட்டோடு பிணைத்தது. அவ்வாணியின் சதுரமுனை முன்கட்டையிலுள்ள தகட்டிற் பொருந்தியமையின், முன்கட்டையைக் கழற்றாது ஆணியைத் திருகியவர் அம்மரத்தைப் பிளந்துவிடுதலும் உண்டு! ஆயினும், ஆளின் அளவிற்கேற்ற நீளத்திற் பின்கட்டையை மாற்றிக்கொள்ள இவ்வமைப்பு இடந்தந்தது.

பின்னுதைப்பைத் தாங்குவதும் முன்கட்டையே. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை கையாண்ட அந்நாட்டு மரங்கள் வால்நட் மரத்தினும் மென்மையானவை. ஆதலின் உதைப்பு விழும் இடத்தில் செப்புத் தகடுகள் பதிக்கப்பட்டன. மரம் நசுங்கின் இரும்புக்கூடு அதனுள் அசையும். அசையின் குறி நில்லாது.

1914ஆம் ஆண்டு மாதிரி என வழங்கும் ரைபிளின் கட்டை ஒரே மரத்தால் ஆயது. 1918இல் மறைந்திருந்து சுடுவோர்க்கெனத் தொலைநோக்கியோடு அது தெரிந்தெடுக்கப்பட்டது. இதுகொண்டு இருதுண்டுக் கட்டையே குறைபாட்டின் வேர் என முடிவு கட்டுவர் சிலர். அது முற்றும் ஏற்புடையதன்று. அந்த ரைபிளின் தாழ் குழலருகே முன்புறத்திற் பூட்டுவது. லீ-என்பீல்டின் தாழோ பின்புறத்திற் பூட்டுவது. வேற்றுமை கட்டையில் மட்டும் இல்லை.

இம்முடிவுக்கு வலிய மறுப்பு லீ-என்பீல்டின் வழித்தோன்றலிலேயே கிடைக்கின்றது. இரண்டாம் உலகப் போரில் நான்காம் எண் ரைபிள்களுள் நன்கு சுடுவன தெரிந்தெடுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவற்றை 1942 முதல் இலண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தார் திருத்தியமைத்தனர். கட்டை இரு துண்டாகவே இருந்தது. ஆனால், முன்கட்டை குழலின் வாயருகே மட்டும் சில ராத்தல் மேல்நோக்கி அழுத்துமாறு கவனத்துடன் பொருத்தப்பட்டது. தொலைநோக்கி உயரத்தில் அமைந்தமையின், கன்னம் சாய்த்தற்குப் பின்கட்டைமேல் மரத்திண்டு ஒன்றும் ஏறிற்று. கண் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்க அது உதவியது. அந்த ரைபிள் பெற்ற நற்பெயரை நோக்கின், துண்டுகளின் எண்ணிக்கையினும் பொருத்தத்தின் நேர்மையே முதன்மையானது எனத் துணியலாம்.

1970இல் வந்த எல்42ஏ1, அந்நான்காம் எண் ரைபிளையே 7.62 மி.மீ. தோட்டாவிற்கு மாற்றியமைத்தது. குழல் தடித்தது, முன்கட்டை பாதியாகக் குறைக்கப்பட்டு, மரம் தீண்டாது குழல் தனித்து நின்றது. 1980களில் அப்படை ஏற்ற எல்96 ரைபிளில் இரும்புக்கூட்டைத் தாங்கியது அலுமினியச் சட்டம். அதன் இருபுறமும் திருகப்பட்ட பிளாஸ்டிக் கட்டை கைப்பிடிக்கும் தோளுக்குமே பயன்பட்டது.