மட்கார்டின் வரலாறும் அம்பூரியின் சேறும்

நெய்யாறு நீர்த்தேக்கத்தை ஒட்டி மலையேறும் அம்பூரிக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள் உண்டு. ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஒன்று. மலையாளத்தில் துலாவர்ஷம் என வழங்கும் ஐப்பசி மழை மற்றொன்று. ரப்பர் தோட்டங்களின் ஊடே செல்லும் செம்மண் தடங்கள் இரு பருவங்களிலும் சேறாகிக் கிடக்கும். ஆயினும், இத்தகைய தடங்களுக்கு உரியவை எனச் சொல்லி விற்கப்படும் மலைச் சைக்கிள்களில், குறிப்பாக விலை கூடியவற்றில், பெரும்பாலானவை மட்கார்டு இல்லாமலேயே கடைக்கு வருகின்றன. மலையின் பெயரைத் தாங்கிய வண்டியில் மலைச்சேற்றுக்கான காப்பு ஏன் இல்லை? இவ்வினாவுக்கான விடை பொறியியலில் இருப்பதைவிட வரலாற்றில்தான் மிகுதியாக இருக்கிறது.

மலைச் சைக்கிளின் பிறப்பிடமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மரின் மாவட்டம். 1970களில் அங்கிருந்த இளைஞர்கள், 1930களிலும் 1940களிலும் ஷ்வின் முதலிய நிறுவனங்கள் செய்த கனமான, பருத்த டயர் கொண்ட பழைய வண்டிகளை மலிவாக வாங்கி, தமால்பாய்ஸ் மலைப்பகுதியின் மண்சரிவுகளில் ஓட்டினர். அப்பழைய வண்டிகளில் அகன்ற இரும்பு மட்கார்டுகள் இருந்தன. எடையைக் குறைக்க அவர்கள் முதலில் கழற்றி எறிந்தவற்றுள் அவையும் அடங்கும். 1976 அக்டோபரில் தொடங்கிய அவர்களது இறக்கப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரப் பிரேக்கிலுள்ள கிரீஸ் சூட்டில் எரிந்துபோகும். மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பெயர் வந்த காரணம் அதுவே. அந்நிலத்தில் கோடை முழுதும் மழை மிக அரிது. ஓட்டுநர்களின் கவலை புழுதியும் சூடுமேயன்றிச் சேறன்று. 1977இல் ஜோ ப்ரீஸ் இவ்வகை ஓட்டத்துக்கென்றே புதிய சட்டகம் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. வறண்ட மலையொன்றில் பந்தயத்துக்காகக் கழற்றப்பட்ட பாகம், இவ்வாறு வண்டியின் வடிவிலேயே இல்லாமற் போயிற்று. பின்னர் அந்த இன்மையே அவ்வண்டியின் அழகாகக் கொள்ளப்பட்டது.

இதற்கு நேர்மாறானது ரோட்ஸ்டர் எனப்படும் பழைய கறுப்பு வண்டியின் வரலாறு. சேற்றைத் தடுக்கும் பலகை சைக்கிளுக்கும் முந்தியது. இன்று காரின் முகப்பைக் குறிக்கும் 'டேஷ்போர்டு' என்ற சொல், 19ஆம் நூற்றாண்டில் குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர்மீது படாதவாறு முன்னே பொருத்தப்பட்ட பலகையின் பெயராக இருந்தது. தடுத்த பொருள் மறைந்து, பெயர் மட்டும் இடம்பெயர்ந்து வாழ்கிறது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி இரு சக்கரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவினதாக்கி ஓட்டுநரைத் தரைக்கு அருகே இறக்கியது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொணர்ந்தார். அதன்பின் சைக்கிள் வேலைக்குச் செல்வோரின் ஊர்தியாயிற்று. உடுத்திய உடையோடு ஏறி அதே உடையோடு இறங்க வேண்டியவர்களுக்கு மட்கார்டும் செயின் கவரும் இன்றியமையாதவையாயின. பெண்களின் வண்டிகளில் பின்சக்கரத்தின் இருபுறமும் பாவாடை சிக்காதபடி வலை பின்னப்பட்டது.

இந்தியாவுக்கு வந்தது இந்த வண்டியே. முதலில் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியாயிற்று. பின்னர் 1949இல் நிறுவப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் சென்னை அம்பத்தூரிலும், 1956 முதல் ஹீரோ சைக்கிள்ஸ் லூதியானாவிலும் உற்பத்தி செய்தன. வளைந்த இரும்பு மட்கார்டு, அதைத் தாங்கும் கம்பிகள், டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே தாராளமான இடைவெளி ஆகியவை அப்படியே தொடர்ந்தன. பின் மட்கார்டின் வாலில் பூசப்படும் வெள்ளை நிறமும் இங்கிலாந்தின் எச்சமே. இரவில் பின்னால் வரும் வண்டிக்குத் தெரிவதற்காக 1930களிலும் போர்க்கால இருட்டடிப்பின்போதும் அங்கே வேரூன்றிய வழக்கம், காரணம் மறந்த பின்பும் இந்தியச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1990களில் ஹீரோ ரேஞ்சர் போன்ற மலைச் சைக்கிள் வடிவங்கள் இளைஞரைக் கவர்ந்தபோதும், இந்திய ஆலைகள் அவற்றுள் பலவற்றை மட்கார்டுடனேயே விற்றன. வாங்கியவர்கள் அவற்றில் பள்ளிக்கும் கடைக்கும் வேலைக்கும் சென்றனர் என்பதே காரணம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே சைக்கிள் கற்ற பெண்கள் சேலையோடும் தாவணியோடும் ஓட்டினர். 2005 முதல் தமிழ்நாட்டரசு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் மேல்நிலை மாணவர் அனைவருக்கும் வழங்கத் தொடங்கிய சைக்கிளும் சீருடையோடு ஓட்டப்படுவது. மட்கார்டு யாருக்கு வேண்டும் என்ற கேள்விக்கு இவர்களே விடை.

எல்லைப்புற மொழிநிலையும் இங்குக் கருதத்தக்கது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சேற்றைத் தமிழர் 'சேறு' என்றும் 'சகதி' என்றும், வயற்சேற்றைத் தென்மாவட்டத்தார் 'தொளி' என்றும் வழங்க, மலையாளத்தார் 'செளி' என்கின்றனர். சேற்றுக்குப் பெயர் பல. அதைத் தடுக்கும் தகட்டுக்கு மட்டும் பாறசாலையிலும் மார்த்தாண்டத்திலும் பெயர் ஒன்றே. பெடல், செயின், ரிம், கேரியர் போல மட்கார்டும் பட்டறையின் வழியே இரு மொழிகளுக்குள்ளும் புகுந்தது. 'கார்டு' என்ற ஈறு இம்மலையோரத்தில் இன்னோரிடத்திலும் கேட்கும். மழைக்காலத்துக்கு முன் ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டையில் நீர் இறங்காதிருக்கப் பட்டைக்குமேல் சுற்றி ஒட்டப்படும் பிளாஸ்டிக் உறைக்கு 'ரெயின்கார்டு' என்று பெயர். அதை ஒட்டாவிட்டால் மழைநாளில் பால் வெட்ட இயலாது. மழையில் வேலை நிற்காதிருக்க ஒரு காப்பு தேவை என்பது இங்கு எவருக்கும் விளக்க வேண்டாத செய்தி.

இவ்வரலாற்றிலிருந்து தேர்வு பற்றிச் சில முடிவுகளை வருவிக்கலாம். இன்று மலைச் சைக்கிளுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகையின. முதலாவது, ரோட்ஸ்டரின் வழிவந்த முழுநீள மட்கார்டு. இரண்டாவது, இருக்கைத் தண்டிலும் சட்டகத்தின் கீழ்க்குழாயிலும் மாட்டப்படும் குட்டைப் பிளாஸ்டிக் தகடு. பிரிட்டனின் ஈரமான காடுகளில் மலைச் சைக்கிள் ஓட்டியவர்களுக்காக 1990களில் பரவிய 'க்ரட் கேட்சர்' இவ்வினத்தது. கலிபோர்னியா கழற்றியதை மழைநாடு வேறு வடிவில் திரும்ப மாட்டிய வரலாறு அது. மூன்றாவது, முன் போர்க்கின் வளைவில் பிளாஸ்டிக் பட்டைகளால் கட்டப்படும் சிறு மடிப்புத் தகடு. கண்ணில் சேறு தெறிக்காமல் காப்பதே அதன் முதன்மைப் பணி.

அளவுகளில் முதலில் நோக்க வேண்டியது இடைவெளி. ரோட்ஸ்டரின் டயர் ஏறத்தாழ ஒன்றரை அங்குலமே. அதில் கட்டைகளும் இல்லை. மலைச் சைக்கிளின் டயர் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகன்று, கட்டைகளால் செம்மண்ணை அள்ளிக்கொண்டு சுழலும். மட்கார்டு டயரை நெருங்கி இருந்தால் களிமண் இடையில் அடைந்து இறுகி, சக்கரம் உருளவே மறுக்கும். அடுத்தது அகலம். 2.25 அங்குல டயர் ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் என்பதால், மட்கார்டு 65 மில்லிமீட்டருக்குக் குறையாதிருத்தல் நன்று. மூன்றாவது நீளம். சக்கரத்திலிருந்து நீர் தொடுகோட்டுத் திசையில் பறக்கிறது. ஆகவே முன் மட்கார்டின் பின்முனை எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்குக் காலும் பெடல் அச்சும் செயினும் காக்கப்படும். சேற்றில் கலந்த மணலே செயினைத் தேய்ப்பது என்பதால், இக்காப்பு உடைக்கு மட்டுமன்று, வண்டியின் ஆயுளுக்கும் ஆனது.

நான்காவது, பலரும் எண்ணாதது: பாதுகாப்பு. ரப்பர்த் தோட்டத் தடத்தில் முறிந்த சுள்ளிகள் கிடக்கும். ஒரு சுள்ளி முன் டயரோடு ஏறி மட்கார்டுக்குள் சிக்கினால், தகடு மடங்கிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுநர் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்படுவார். இதனால்தான் ஜெர்மனியின் எஸ்கேஎஸ் போன்ற நிறுவனங்கள், அழுத்தம் மிகும்போது தாங்குகம்பி தானே கழன்றுகொள்ளும் கொக்கிகளை முன் மட்கார்டில் வைக்கின்றன. முழுநீள மட்கார்டு வாங்குபவர் விலைக்கு முன் இக்கொக்கியைக் கேட்க வேண்டும். முன் போர்க் ஸ்பிரிங் உடையதாயின் அது முழுதும் அமுங்கும்போதும் டயர் மட்கார்டில் மோதுமா என்பதைப் பட்டறையிலேயே அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே அம்பூரியிலிருந்து வெள்ளறடை வழியாகத் தார்ச்சாலையில் நாள்தோறும் கல்லூரிக்கோ வேலைக்கோ செல்பவருக்கு முழுநீள மட்கார்டே பொருந்தும். தோட்டத் தடத்தில் மிகுதியும் ஓட்டுபவருக்கு டயரிலிருந்து உயர்ந்து நிற்கும் திறந்த தகடுகளே நலம். உடை சற்று நனைந்தாலும் சக்கரம் நிற்காது. இரண்டும் தேவைப்படுபவர் பின்னே நீளமானதும் முன்னே உயரமானதுமாகக் கலந்து பொருத்தலாம்.

மட்கார்டு இல்லாத வண்டி நவீனமானது, மட்கார்டு உள்ள வண்டி பழையது என்ற கருத்து கடைகளில் இன்றும் விற்பனையாகிறது. வரலாறு காட்டுவது வேறு. மழையற்ற கோடையில் விளையாடியவர்களுக்கு அமைந்த வடிவம் ஒன்று. மழையிலும் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கு அமைந்த வடிவம் மற்றொன்று. ஆண்டுக்கு இருமுறை மழை இறங்கும் ஊரில் நின்று தேர்பவர், தம் வண்டி இவ்விருவரில் யாருக்காகச் செய்யப்பட்டது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.