இரட்டைக் குழல் துப்பாக்கியும் நம் நாட்டு உருக்கும்

சென்ற ஆண்டு ஆயுத பூஜையன்று ஒரு நண்பர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். சுத்தியல், உளி, அரிவாள்மணை ஆகியவற்றின் நடுவே, அவருடைய பாட்டனார் காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று சந்தனப் பொட்டுடன் வீற்றிருந்தது. குழல் முழுவதும் நீரலை போன்ற கோலம். "மாமா, லைசென்ஸ் இருக்கிறதே, பூஜைக்கு ஒரு வெடி போடலாமா?" என்று கேட்டான் நண்பரின் மகன். அவனுக்கு அன்று கூறிய விடையையே சற்று விரித்து இம்மலருக்கு வரைகின்றேன்.

அந்த நீரலைக் கோலத்திற்கு மூலம் நம் நாட்டு உருக்கே. நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் பண்டைய இரும்பு உலைகளை அகழாய்வில் கண்டிருக்கின்றனர். இரும்பையும் கரிப்பொருளையும் மண் மூசையில் இட்டு மூடி உருக்கிய தென்னாட்டு எஃகு மேற்கே சென்று, டமாஸ்கஸ் வாள் எனப் புகழ்பெற்றது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் இராயல் சொசைட்டியில் இதனை ஆராய்ந்து கட்டுரை அளித்தார். பின்னர் மைக்கேல் பாரடேயும் இதனை ஆராய்ந்தார்.

ஆனால் ஐரோப்பியத் துப்பாக்கிக் குழலின் கோலம் அத்தகையதன்று. இரும்புக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் சேர்த்து முறுக்கி, நாடாவைப் போல் ஓர் உருளைமேல் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தனர். பெல்ஜியத்து லீஜ் நகரம் இத்தொழிலில் பெயர் பெற்றது. பெயர் டமாஸ்கஸ், பிறப்பு வேறு. தஞ்சைப் பீரங்கி மேட்டில் உள்ள பெரும் பீரங்கியும் வார்த்ததன்று. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் அடித்து ஒட்டிச் செய்ததே. இவ்வாறு செய்த குழல்களில் ஒட்டுகள் பல. ஓர் ஒட்டினுள் கசடு தங்கினாலும், துரு புகுந்தாலும், வெளிப்பார்வைக்குத் தெரியாது.

எனினும் அக்குழல்களைக் குறை கூறுவது நியாயமன்று. இலண்டனில் 1637ஆம் ஆண்டுச் சாசனம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் சங்கமும், பர்மிங்காமில் 1813இல் ஏற்பட்ட சோதனைச் சாலையும், குழல்களில் மிகுதியான மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கியவற்றுக்கே முத்திரையிட்டன. ஆனால் அக்காலத்துச் சோதனை கரிமருந்துக்கு உரியது. புகையில்லா மருந்து 1884இல் பிரான்சில் வந்தது. அதன் அழுத்தம் குழலில் சற்று முன்புறம் வரை நீடிக்கும். அங்கே குழலின் சுவர் மெல்லியது. சுடுபவரின் இடக்கை தாங்கும் இடமும் அதற்கு அருகிலேயே. மேலும், பழைய துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். இக்காலத் தோட்டாவோ பெரும்பாலும் 70. அறையுள் அது நுழைந்துவிடும். வெடிக்கும்போது வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும்.

ரயில்வேயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டி ஒலி கேட்டுப் பழுது அறிந்த காலம் உண்டு. துப்பாக்கிக் குழலையும் தொங்கவிட்டுத் தட்டுவர். மணிபோல் ஒலித்தால் இரு குழல்களின் இணைப்பு நன்றென அறியலாம். உள்ளே துரு அரித்த குழியையோ, தேய்ந்த சுவரையோ அவ்வொலி உரைக்காது. அதற்கு அளவுகருவியும் தேர்ந்த கைவினைஞரும் வேண்டும்.

நண்பரின் துப்பாக்கியை, தோட்டா இல்லையென உறுதி செய்தபின், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். குழலுள் அம்மைத் தழும்பு போலக் குழிகள். புகையில்லா மருந்துக்குரிய முத்திரையும் காணோம். அன்றியும், கொண்டாட்டத்தில் பிறர் உயிருக்கு ஊறு நேருமாறு சுடுவது ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி குற்றமாகும்.

அன்பர்களே! முன்னோர் பொருளைப் போற்றுக, பொட்டிட்டு வணங்குக. ஆனால் கோலத்தின் அழகை உறுதியெனக் கொண்டு தோட்டா இடாதீர். லைசென்ஸ் இருப்பது மனிதனுக்கே. குழலின் வலிமைக்கு அது சான்றாகாது. அன்று அவ்வீட்டில் உடைந்தது பூசணிக்காய் ஒன்றே. அவன் இடக்கையால் எங்களுக்கு வெற்றிலைத் தட்டை ஏந்தி, வலக்கையால் தாம்பூலம் எடுத்து வழங்கினான்.