பேணலும் உடனுறைவும்: காம்ப்ஹில் சமுதாயங்களின் வரலாறு

அறிவு வளர்ச்சிக் குறைபாடுடையோரைப் பேணுதல் வேறு. அவரோடு கூடிவாழ்தல் வேறு. முன்னையதிற் பேணுவோர், பேணப்படுவோர் என்னும் பிரிவு நிலைத்திருக்கும். பின்னையதில் ஒரே கூரையும் ஒரே உணவும் இருசாரார்க்கும் பொதுவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா பெரிதும் முன்னைய வழியையே மேற்கொண்டு, இத்தகையோரைப் பெருநிலையங்களில் ஒதுக்கி வைத்தது. பின்னைய வழியின் இயல்பையும் இடர்ப்பாடுகளையும் அறிதற்கு, ஸ்கொட்லாந்தில் தோன்றிய காம்ப்ஹில் இயக்கத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

இவ்வியக்கம் தோன்றிய காலச்சூழல் மனங்கொள்ளத்தக்கது. 1933இல் நாசி ஜேர்மனி இயற்றிய சட்டம் அறிவு வளர்ச்சிக் குறைபாடுடையோரை வலிந்து மலடாக்குவதற்கு வழிசெய்தது. 1940 சனவரி முதல் 1941 ஓகஸ்ட் வரை, உளநோயாளரும் குறைபாடுடையோருமாக ஏறத்தாழ 70,000 பேர் ஆறு கொலைநிலையங்களில் நச்சுவாயுவால் அழிக்கப்பட்டனர்.

வியன்னாவிற் பிறந்த யூத மருத்துவரான கார்ல் கோனிக் (1902–1966), 1938இல் ஜேர்மனி ஒஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபின் அந்நாட்டை விட்டு வெளியேறினார். அவரும் வியன்னாவிலிருந்து வந்த இளைஞர் சிலரும் 1939இல் அபர்டீன் நகருக்கு அண்மையில் ஒரு பழைய மனையிற் குறைபாடுடைய குழந்தைகளை ஏற்று வாழத் தொடங்கினர். 1940இல் இக்குழுவைச் சேர்ந்த ஆடவரைப் பிரித்தானிய அரசு பகைநாட்டவரெனக் கருதித் தடுத்து வைத்தது. கோனிக் மான் தீவு முகாமில் இருந்தார். எஞ்சிய பெண்களே, அவ்வாண்டு யூன் முதலாந் திகதி, குழந்தைகளுடன் காம்ப்ஹில் என்னும் மனைக்கு இடம்பெயர்ந்தனர். அம்மனையின் பெயரே பின்னர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்நாட்டில் வாழும் உரிமையை இழந்தோர், வேறெங்கும் இடம்பெறாதோர்க்கு இல்லம் அமைத்தனர் எனலாம்.

குழந்தைகள் வளர்ந்தபின் எங்கே வாழ்வது என்னும் வினா விரைவில் எழுந்தது. அதற்கு விடையாக 1955இல் வட யோர்க்ஷயரில் பொட்டன் கிராமம் உருவாயிற்று. அங்கே உடனுழைப்போர் தத்தம் குடும்பங்களுடன், குறைபாடுடைய வளர்ந்தோரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தனர். பண்ணையிலும் பட்டறைகளிலும் இருசாராரும் சேர்ந்து உழைத்தனர். உடனுழைப்போர்க்கு வேதனம் இல்லை. அவர்தம் தேவைகளைச் சமுதாயமே நிறைவுசெய்தது. உழைப்பையும் வருமானத்தையும் வேறுபடுத்த வேண்டும் என்ற ருடோல்ஃப் ஸ்ரைனரின் (1861–1925) கருத்தே இதற்கு அடிப்படையாகும். ஒருவரைப் பேணுதற்கு மற்றொருவர் கூலி பெறாமையால், அவ்விருவருக்குமிடையே அயலவர் உறவு வளர இடமுண்டாயிற்று.

எனினும் இம்முறை வினாவுக்கு உட்படாமல் இல்லை. குறைபாடுடையோரின் அன்றாட வாழ்வு ஏனையோர் வாழ்வை இயன்றவரை ஒத்திருத்தல் வேண்டும் என்னும் கொள்கை 1959ஆம் ஆண்டு டென்மார்க்குச் சட்டத்தில் இடம்பெற்றது. 1969இல் சுவீடனைச் சேர்ந்த பெங்ட் நிரியே அதனை விரித்துரைத்தார். இக்கொள்கைவழி நோக்குமிடத்து, ஊரொதுங்கிய கிராமமும் ஒருவகை ஒதுக்கலே என்று கூற இடமுண்டு.

2010களிற் பொட்டனிலேயே மற்றொரு முரண்பாடு எழுந்தது. கிராமத்தை நடத்திய அறநிலையம், சட்டத் தேவைகளைக் காட்டி, உடனுழைப்போரை வேதனம் பெறும் ஊழியராக்க முனைந்தது. அவருட் பலரும் சில குடும்பத்தினரும் இதனை எதிர்த்தமையால் வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. கடமைநேரம் முடிந்ததும் ஊழியர் தம் வீடு திரும்புவர். உடனுறைவோர்க்கு அதுவே வீடு. இது எதிர்த்தோர் வாதத்தின் வலிமை. ஆயினும், அன்பை மட்டும் நம்பிய அமைப்பிற் பொறுப்பைக் கேட்டுப் பெறுதல் அரிது என்பதும் புறக்கணிக்கத்தக்கதன்று.

2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை, எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமை குறைபாடுடையோர்க்கும் உண்டெனக் கூறுகின்றது. கிராமமா நகரமா, வேதனமா தொண்டா என்ற விவாதங்களிற் பெரிதும் ஒலித்தது பிறர் குரலே. உடனுறைவு உண்மையானதாக வேண்டுமாயின், அவ்வீட்டில் யாருடன் வாழ்வது என்பதைத் தீர்மானிக்கும்போதும் குறைபாடுடையோர் உடனிருத்தல் வேண்டும். காம்ப்ஹில் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவாகும்.