தண்ணீர் கேட்காத குதிரை



தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு மிதிவண்டியைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னால் இரு பக்கமும் பால் தோம்பைக் கட்டிக்கொண்டு, செம்மண் சாலையில் மேட்டைக் கண்டால் இறங்கித் தள்ளி, இறக்கத்தைக் கண்டால் காலை ஊன்றி ஊன்றி இறங்கிய பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மழை பெய்துவிட்டால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் களிமண் அடைத்துக்கொள்ளும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஏற முடியும்.

அந்த அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்று நாம் பேசவிருக்கும் சரித்திரம் எளிதாகப் புரியும். நிழலும் நீரும் இல்லாத பாலைநிலத்தில், சாலை என்று ஒன்று போடப்படாத காலத்தில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிதிவண்டியில் போட்டியிட்டுச் சென்றவர்களின் கதை இது. நடந்த இடம் ஆஸ்திரேலியா. நடந்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள்.

முதலில் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. முன் சக்கரம் ஆளுயரமும் பின் சக்கரம் சிறியதுமாக இருந்த பழைய மிதிவண்டியில் ஏறி விழுந்து கை கால் முறிந்தவர் பலர். 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாய், சங்கிலியால் பின் சக்கரம் சுழலும் வண்டியை வெளியிட்டார். 1888இல் ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். இந்த இரண்டும் சேர்ந்ததும் மிதிவண்டி வேடிக்கைப் பொருள் என்ற நிலை மாறி, உழைப்பவனின் வாகனமாயிற்று.

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அந்நாட்டின் மேற்குப் பகுதியில் 1892இல் கூல்கார்டி என்னுமிடத்திலும், 1893இல் அதற்கு அருகே கால்கூர்லியிலும் தங்கம் கிடைத்தது. நாலா பக்கமிருந்தும் ஆட்கள் குவிந்தார்கள். தங்கம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. உப்பு ஏரித் தண்ணீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிர வைத்து, காலன் கணக்கில் விலைக்கு விற்றார்கள். கடலோரப் பகுதியிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தது 1903இல்தான்.

அப்படிப்பட்ட இடத்தில் குதிரை வைத்திருப்பவன் பாடு என்ன ஆகும்? உழைக்கும் குதிரை ஒன்று ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். தீனியும் வேண்டும். மிதிவண்டிக்கோ இரண்டும் வேண்டியதில்லை. கொஞ்சம் எண்ணெயும் ஒட்டுப்போடும் சாமானும் இருந்தால் போதும். ஆகவே தங்க வயல்களில் தபாலும் செய்தியும் கொண்டுபோக மிதிவண்டிக்காரர்கள் ஏற்பட்டார்கள். தந்திக் கம்பி எட்டாத முகாம்களுக்கு இவர்களே தந்தி. தண்ணீர் கேட்காத குதிரை ஒன்று அந்த மண்ணுக்கு வாய்த்தது என்று சொல்லலாம்.

இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்தான் ஆர்தர் ரிச்சர்ட்சன். 1872இல் பிரேசில் நாட்டின் பெர்னாம்புகோவில் பிறந்தவர். 1896 நவம்பர் 24ஆம் நாள் கூல்கார்டியிலிருந்து தனியாகப் புறப்பட்டார். கையில் சிறிய மூட்டையும் தண்ணீர்ப் பையும்தான். போக வேண்டிய இடமோ கிழக்கே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அடிலெய்டு நகரம்.

இடையில் கிடப்பது நல்லர்பார் சமவெளி. லத்தீன் மொழியில் 'மரமே இல்லை' என்ற பொருள்படும் பெயர் அது. சுமார் இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். பெய்கிற கொஞ்ச மழையும் கல்லின் வெடிப்பு வழியே கீழே குகைகளுக்குள் இறங்கிவிடும்; மேலே ஆறும் இல்லை, ஓடையும் இல்லை.

அவர் நம்பியது ஒரு கம்பியை. 1877இல் மேற்கையும் கிழக்கையும் இணைத்துப் போடப்பட்ட தந்திக் கம்பி அந்தக் கடலோரமாகச் சென்றது. கம்பத்தைப் பார்த்துக்கொண்டே போனால் திசை தவறாது. இடையிடையே தந்தி நிலையங்கள் உண்டு. அங்கே மனிதர் முகமும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும். தண்ணீர்ப் பை என்பது அக்காலத்தில் கித்தான் துணியால் ஆனது. துணியில் கசியும் நீர் காற்றில் உலர்ந்து உள்ளிருப்பதைக் குளிர வைக்கும். நம் வீட்டு மண்பானை செய்யும் வேலையேதான்.

மணலில் மிதிவண்டி எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். ஓடாது என்பதே உண்மை. குறுகலான டயர் மணலைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் பரந்து சிறிது தாங்கும். அதற்கும் முடியாத இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். ரிச்சர்ட்சனும் மணல் மேடுகளில் அப்படித் தள்ளித்தான் சென்றார். கோடைக்காலத்தின் அந்தப் பயணத்தை 31 நாட்களில் முடித்தார். நல்லர்பாரை மிதிவண்டியில் கடந்த முதல் மனிதர் அவரே. அடுத்த ஆண்டு, 1897இல், ஜெரோம் மியூரிஃப் என்பவர் தெற்கே அடிலெய்டிலிருந்து வடகரை வரை கண்டத்தின் குறுக்கே மிதித்துச் சென்றார்.

போட்டி சூடு பிடித்தது 1899இல். கண்டம் முழுவதையும் சுற்றி வருவது யார் என்பதே கேள்வி. ஜூன் 5ஆம் நாள் ரிச்சர்ட்சன் பெர்த் நகரிலிருந்து வடக்கு நோக்கித் தனியே கிளம்பினார். அடுத்த மாதம் வேறொரு குழு எதிர்த் திசையில் சுற்றக் கிளம்பியது. வைட் சகோதரர்களான ஃபிராங்க், அலெக்ஸ் ஆகியோரும், வசதியான பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த டொனால்ட் மெக்கேயும் அதில் இருந்தார்கள். ரிச்சர்ட்சன் மணலையும் சேற்றையும் மாறி மாறித் தாண்டி, 1900 பிப்ரவரி 4ஆம் நாள் பெர்த்துக்குத் திரும்பினார். சுமார் 18,500 கிலோமீட்டர். எட்டு மாதம். ஓய்வு நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 75 கிலோமீட்டருக்குக் குறையவில்லை. முதலில் சுற்றியவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. மெக்கே ஏறத்தாழ 240 நாட்களில் சுற்றை முடித்தார்.

இதுவரை நாம் சொன்னது பெரும்பாலும் எழுதி வைக்கப்பட்ட கதை. ஆனால் சரித்திரம் படிக்கும்போது இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பழக வேண்டும். அந்தப் பாதையை உண்டாக்கியவர் யார்?

தங்க வயல்களில் மிதிவண்டிக்கு நல்ல தடமாக அமைந்தது ஒட்டகத் தடம். ஒட்டகத்தின் பாதம் மெத்தென்று பரந்தது. வரிசையாக நூற்றுக்கணக்கில் நடந்து நடந்து, மணலை அழுத்தி ஒற்றையடிப் பாதையாக்கிவிடும். மாட்டு வண்டிச் சக்கரம் கிழித்த பாதையைவிட அதுவே சைக்கிள்காரனுக்கு உகந்தது. அந்த ஒட்டகங்களை ஓட்டியவர்களை அங்கே 'ஆப்கானியர்' என்று பொதுப்பெயரால் அழைத்தார்கள். உண்மையில் ஆப்கானிஸ்தானத்தவர் மட்டுமல்லாமல் பலுசிஸ்தானம், சிந்து, பஞ்சாப் பகுதிகளிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். பலர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கடல் தாண்டி வந்தவர்கள். ஒப்பந்தம் என்ற சொல்லின் கனம் நம் குடும்பங்களுக்குத் தெரியாததல்ல. உணவும் தண்ணீரும் கருவிகளும் அவர்கள் சுமையில்தான் பாலைக்குள் சென்றன. 1901இல் புதிய சட்டம் வந்து, வெள்ளையர் அல்லாதவர் அந்நாட்டில் குடியேறுவதற்குக் கதவை அடைத்தது.

அவர்களுக்கும் முன்னே, எண்ணற்ற தலைமுறைகளாக அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் ஆதிக்குடிகள். பாறைக் குழியில் தேங்கும் நீரைக் கல்லால் மூடிக் காத்தவர்கள். மணல் மேட்டில் எந்த இடத்தில் தோண்டினால் நீர் சுரக்கும் என்று அறிந்தவர்கள். 1841இல் எட்வர்ட் ஜான் அயர் அந்தக் கரையோரமாக நடந்து மேற்கே சேர்ந்தபோது, கடைசி வரை கூட இருந்தவர் வைலி என்ற ஆதிக்குடி இளைஞர். மணலைத் தோண்டி நீர் எடுக்கும் வகையை அயருக்குக் காட்டியவர்களும் அம்மக்களே. 1896, 1897ஆம் ஆண்டுகளில் டேவிட் கார்னெகி என்பவர் பாலையைக் கடந்தபோதோ, ஆதிக்குடிகளைப் பிடித்துக் கட்டி வைத்து, நீர்நிலைக்கு வழிகாட்டச் செய்தார். உப்பிட்ட இறைச்சியைக் கொடுத்துத் தாகம் எடுக்க வைத்ததை அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். தண்ணீர் எங்கே என்ற அறிவு எவ்வளவு விலையுயர்ந்ததோ, அதை உடையவர்கள் அவ்வளவு மலிவாக நடத்தப்பட்டார்கள்.

இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது, நேயர்களே. அது நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த வண்டிகளின் டயருக்கு ரப்பர் எங்கிருந்து வந்தது? அன்று உலகச் சந்தைக்கு வந்த ரப்பர் பெரும்பாலும் அமேசான் காடுகளிலும் ஆப்பிரிக்கக் காடுகளிலும் எடுக்கப்பட்டது. காங்கோ நாட்டில், குறித்த அளவு ரப்பர் கொண்டுவராத ஊர்களுக்குக் கொடிய தண்டனை கொடுத்தார்கள். கை வெட்டப்பட்டவர்களின் படங்கள் பின்னாளில் உலகையே உலுக்கின. மிதிவண்டி மோகத்தால் ரப்பரின் தேவை ஏறியது; பின்பு மோட்டார் வண்டி வந்து பன்மடங்காக்கியது.

இந்தப் பக்கம் நம் நாட்டைப் பாருங்கள். 1877இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவர் ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு, ரப்பர் நடும்படி தோட்டக்காரர்களை வற்புறுத்தினார். மலாக்காவில் தான் சே யான் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிடத் தொடங்கிய ஆண்டு 1896. ரிச்சர்ட்சன் நல்லர்பாரில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த அதே ஆண்டு! அவர் டயரில் மலாயா ரப்பர் இருந்திருக்க வழியில்லை. ஆனால் அவரைப் போன்றவர்கள் ஓட்டித் தேய்த்த டயர்களும் சேர்ந்துதான் ரப்பரின் விலையை உயர்த்தின. காப்பி விலை விழுந்து தவித்த முதலாளிகள் ரப்பருக்கு மாறினார்கள். அந்த மரங்களை வெட்டத்தான் நம் முன்னோர் கப்பல் ஏறி வந்தார்கள்.

மிதிவண்டிப் பந்தயத்தின் பிற்காலக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். மோட்டார் வந்த பிறகு பாலைவன மிதிவண்டிக்காரர் மறக்கப்பட்டார். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள், பருத்த டயர் போட்ட பழைய வண்டிகளைத் தேடியெடுத்து மலைச்சரிவில் ஓட்டினார்கள். 1976இல் அவர்கள் நடத்திய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒருமுறை இறங்கினாலே பிரேக் காய்ந்து கிரீஸ் உருகிப்போகும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதையே பெயராக வைத்துவிட்டார்கள். இப்படிப் பிறந்ததுதான் மலை மிதிவண்டி. 1981 முதல் அது தொழிற்சாலையில் பெருமளவில் தயாராயிற்று. 1996இல் ஒலிம்பிக் போட்டியிலும் இடம் பெற்றது.

பருத்த டயர் வந்ததும் பாலைவனம் மீண்டும் அழைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல் மேடுகள் வரிசையாகக் கிடக்கும் ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தில் 1987இல் பல நாள் பந்தயம் தொடங்கியது. மொராக்கோவில் 2006 முதல் 'டைட்டன் டெசர்ட்' பந்தயம் நடைபெற்றது. ஆறு கட்டங்களாக ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இப்பந்தயங்களில் மருத்துவர் உண்டு, தண்ணீர் தரும் இடங்கள் உண்டு, களைத்தவரை ஏற்றிக்கொள்ள வண்டியும் உண்டு. ஆனாலும் மணல் அதே மணல்தான். அங்கும் வீரர்கள் இறங்கித் தள்ளத்தான் செய்கிறார்கள்.

ரிச்சர்ட்சனின் துணிவை நாம் குறைத்துப் பேசவில்லை. துணை இல்லாமல் எட்டு மாதம் மிதித்தவர் பாராட்டுக்கு உரியவரே. ஆனால் அவர் தனியாகச் சென்றார் என்பது பாதி உண்மை. கம்பம் நட்டவர், ஒட்டகம் ஓட்டியவர், நீர்க்குழியை மூடிக் காத்தவர், காட்டில் ரப்பர் எடுத்தவர் என இத்தனை பேரும் அவரோடு சென்றார்கள். அவர் பெயர் புத்தகத்தில் ஏறியது. இவர்களில் மிகப் பலருடைய பெயர் எங்கும் ஏறவில்லை.

நம்மிடமும் அந்தக் குறை இருக்கிறது. ரிட்லியின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். காட்டை வெட்டித் திருத்தி, தோட்டச் சாலை போட்ட தாத்தாவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகையால் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்து இன்றைய உரையை முடிப்போம். வீட்டில் இருக்கும் பெரியவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தச் சாலையை யார் போட்டார்கள், முதல் மிதிவண்டியை எப்போது எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று கேளுங்கள். சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில், பெயரும் ஆண்டும் போட்டு எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.