பால் மரமும் மைப் பேனாவும்



நியாலாஸ் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் பாடம் சொல்லும் நாம், பழைய மைப் பேனாக்களைத் தேடிச் சேர்த்துச் செப்பனிடுவதை ஓய்வு நேர வேலையாகக் கொண்டிருக்கிறோம். தோட்டத்திற்கும் பேனாவிற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்பே உண்டு.

அமெரிக்கர் லூயிஸ் வாட்டர்மேன் 1884ஆம் ஆண்டு தம் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். ஒப்பந்தத் தாளில் மை கொட்டியதால் அவர் வெகுண்டு பேனா செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது விளம்பரத்துக்காகப் பின்னாளில் கட்டிய கதை என்றே ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அவர் செய்தது எளிய காரியம். நிப்பின் அடியில் இருக்கும் நாக்குப் போன்ற துண்டில் மெல்லிய கீறல்கள் இட்டார். கீறல் வழியே மை இறங்க, இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே ஏறும். காற்று ஏறாவிட்டால் மை இறங்காது; அளவு மீறி ஏறினால் மை கொட்டிவிடும்.

அந்த நாக்கும் உடலும் மூடியும் எதனால் செய்யப்பட்டன? ரப்பரால்தான். ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து வேகவைத்தால் அது கொம்பு போல் இறுகிவிடும். இதற்கு எபோனைட் என்று பெயர். 1851இல் நெல்சன் குட்இயர் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் அமேசான் காட்டு ரப்பரே பயன்பட்டது. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் நம் பக்கத்து ஊரான ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாயாவின் தோட்ட ரப்பர் காலப்போக்கில் உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. விடியுமுன் எழுந்து மரம் சீவிய கைகள் பெரும்பாலும் தமிழர் கைகள். அவற்றுள் பல, பேனா பிடிக்கக் கற்காதவை.

தாயகத்தின் கதையும் சுவையானது. ஆந்திரத்து ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் 1932இல் சுதேசிப் பேனா செய்யத் தொடங்கினார். அவர் செய்த பேனா, அகில இந்திய கிராமத் தொழிற் சங்கத்தின் ஜே. சி. குமரப்பா வழியாகக் காந்தியடிகளைச் சென்றடைந்தது. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்த தமிழர். தாம் அதனால் எழுதிப் பார்த்ததாகவும், கடைத்தெருவில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றென்றும் 1935 ஜூலையில் அடிகள் ரத்னத்துக்கு மடல் எழுதினார். தமிழ்நாட்டிலோ, சேவுக்கும் வெள்ளரிக்கும் பெயர்போன சாத்தூரில் நிப்பு செய்வது குடிசைத் தொழிலாக வளர்ந்தது. பந்துமுனைப் பேனா பரவியதும் அத்தொழில் சுருங்கிப் போயிற்று.

இனி நாம் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் மாணவி ஒருத்தி, தன் தாத்தாவின் பெட்டியிலிருந்த கறுப்புப் பேனாவைக் கொண்டுவந்தாள். தாத்தாவின் தகப்பனார் கப்பலில் வரும்போது கொண்டுவந்ததாம். அந்த நாளில் லயத்தில் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தாம். மாலை வேளையில் வாசற்படியில் அமர்ந்து, ஊருக்குப் போகும் கடிதங்களை எல்லாருக்காகவும் அந்தப் பேனாவால்தான் எழுதிக் கொடுத்தாராம்.

உடலை விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தோம். கந்தக வாடை வந்தது, எபோனைட்டேதான். உள்ளே பல்லாண்டு மை காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. அவசரப்பட்டோம். முழுப் பேனாவையும் வெந்நீரில் போட்டுவிட்டோம். மை கரைந்தது உண்மை. ஆனால் எடுத்துத் துடைத்தபோது கறுப்பு மறைந்து, பாசி படிந்த பழுப்பு நிறம் வெளிப்பட்டிருந்தது. வெயில் பட்டு முதிர்ந்த எபோனைட்டை நீரும் சூடும் அப்படித்தான் நிறம் மாற்றும். நிப்பையும் நாக்கையும் மட்டும் கழற்றிக் குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, உடலின் உட்புறத்தைச் சொட்டுக் குழாயால் கழுவியிருக்க வேண்டும். பிறருடைய பொருள் என்பதால் அன்றிரவு நமக்கு உறக்கமில்லை.

பிறகு பொறுமையாக நாக்கின் கீறலைத் தாளின் விளிம்பால் துடைத்தோம். கோணியிருந்த நிப்பின் இரு முனைகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் நேராக்கினோம். மரையில் சிறிது கிரீஸ் தடவினோம். மறுவாரம் வீட்டிற்கே கொண்டுபோய்ப் பெரியவரிடம் நடந்ததைச் சொன்னோம். நாற்பது ஆண்டு மரம் சீவியவர் அவர். பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"புகைக்கூடத்து வாசம் இன்னும் இருக்கு வாத்தியாரே. நெறம் கெடக்கட்டும், எழுதுதான்னு பாருங்க" என்றார்.

பேத்தியின் பள்ளி ஏட்டில் தம் தகப்பனார் பெயரை எழுதினார். முதல் எழுத்தில் மை சற்றே திணறியது. அடுத்த எழுத்திலிருந்து சீராக இறங்கியது.