அந்த முதல் ரயிலை இழுத்தது டீசல்

காமர்ஸ் படிக்கிறவன் ரயில் இன்ஜினைப் பற்றி எழுத வந்தால் வகுப்பில் சிரிக்கத்தான் செய்வீர்கள். பரவாயில்லை, இதில் பாதி கணக்குவழக்குதான். தைரியமாகப் படிக்கலாம் :-)

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மிடில்டன் ரயில்வே என்று ஒரு குட்டிப் பாதை இருக்கிறது. சுரங்கத்திலிருந்து நிலக்கரி கொண்டுவரப் போட்டது. 1758-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அப்போது வண்டியை இழுத்தவை குதிரைகள். 1812-ல் மேத்யூ மர்ரே கட்டிய நீராவி இன்ஜின்கள் வந்தன. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' ஓடியது 1829-ல். அதற்கு 17 வருடம் முன்னாலேயே இங்கே புகை வந்துவிட்டது!

இப்படிப்பட்ட பாதைக்கு 1950களின் கடைசியில் மூடுவிழா நெருங்கியது. லீட்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், ஃப்ரெட் யூவெல் என்ற விரிவுரையாளரோடு சேர்ந்து 1959 டிசம்பரில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1960 ஜூன் 20 அன்று ரயிலும் விட்டார்கள். வேல்ஸில் டலிலின் என்ற குறுகிய பாதையை 1951-லிருந்தே தன்னார்வலர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் பிரிட்டனின் வழக்கமான அகலப் பாதையில் சம்பளம் வாங்காதவர்கள் நடத்திய முதல் ரயில் இதுதான். பெரிய பெயரெடுத்த ப்ளூபெல் ரயில்வே ஓட ஆரம்பித்தது ஆகஸ்ட் 7-ல். மாணவர்கள் சில வாரங்களில் முந்திக்கொண்டார்கள்.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அந்த முதல் ரயிலின் லட்சணம்தான். பெட்டி, அந்த வருடம் ஜனவரியில் மூடப்பட்ட ஸ்வான்சி - மம்பிள்ஸ் பாதையின் இரண்டடுக்கு டிராம். 106 பேர் உட்காரலாம். அதை இழுத்தது நீராவி இன்ஜின் இல்லை, ஒரு டீசல் ஷண்டர். பக்கத்திலேயே இருந்த ஹன்ஸ்லெட் தொழிற்சாலை 1930களின் தொடக்கத்தில் தயாரித்து, எல்.எம்.எஸ். ரயில்வே 7401 என்று எண் போட்டுப் பரிசோதித்துப் பார்த்த இன்ஜின் அது. ஹன்ஸ்லெட்டிடமிருந்தே வாடகைக்கு எடுத்தார்கள். பின்னாளில் வந்த பெயர் 'ஜான் அல்காக்'.

ஷண்டர் என்றால் யார்டுக்குள்ளேயே பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிச் சேர்த்துப் பிரிக்கும் இன்ஜின். நம் ஊர் ஜங்ஷன்களில் 'ஷண்டிங் நடக்குது' என்பார்களே, அந்த வேலைதான். இதில் பாதி நேரம் சும்மா நிற்பதுதான் வேலை! நீராவி இன்ஜினானால் சும்மா நிற்கும்போதும் நிலக்கரி எரியும். காலையில் வேலை என்றால் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்ட வேண்டும், டிரைவரோடு ஒரு ஃபயர்மேனும் வேண்டும். டீசலில் சாவியைப் போட்டது போல ஆரம்பிக்கலாம், வேலை இல்லையென்றால் அணைத்துவிடலாம். காஸ்ட் அக்கவுண்டிங் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. நீராவி முதலில் தோற்க ஆரம்பித்த இடங்களில் ஒன்று இந்த அழுக்கு யார்டு.

பிரிட்டிஷ் ரயில்வே 1952-லிருந்து 1962 வரை ஒரே வகை ஷண்டர்களை 996 கட்டித் தள்ளியது. பிறகு அவற்றுக்கு 'கிளாஸ் 08' என்று பெயர் வந்தது. மணிக்கு 20 மைல் போனால் பெரிய விஷயம். 1968 ஆகஸ்ட் 11-ல் அங்கே பிரதான பாதைகளில் நீராவி முடிந்துபோனது. அப்புறம் காலம் இந்த ஷண்டர்களையும் விடவில்லை. சில்லறைச் சரக்குகள் லாரிக்குப் போயின. பெட்டி பெட்டியாகப் பிரித்துச் சேர்க்கும் வேலையே குறைந்தபோது, பழைய இரும்புக் கடை வாசலில் இவை நின்றன. நீராவியைக் கொன்ற வில்லன் என்று திட்டிய அதே ரசிகர் உலகத்திலிருந்துதான் இவற்றையும் வாங்கிக் காப்பாற்ற ஆட்கள் வந்தார்கள். எனக்கு இது முரண்பாடாகவே தோன்றவில்லை. கண்ணெதிரே அழிகிற எதன் மேலும் மனுஷனுக்குப் பாசம் வரும்.

வாங்குவது சுலபம். ஓட வைப்பதுதான் பாடு. பல வருடம் வெயில் மழையில் நின்ற டீசலை நேராக ஸ்டார்ட் செய்தால் அதோடு கதை முடிந்தது. முதலில் குளிர்விக்கும் தண்ணீர் வடிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் அது உறைந்து விரிந்து இன்ஜின் உடலையே பிளந்திருக்கலாம். பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பார்க்க, கம்பி போட்டுக் கையாலேயே மெல்லச் சுற்றிப் பார்ப்பார்கள். எண்ணெயை முன்கூட்டியே பம்ப் செய்து தாங்கிகளுக்கு அனுப்ப வேண்டும். கிளாஸ் 08-ல் டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றாது. அது ஜெனரேட்டரைச் சுற்ற, அந்த மின்சாரம் இரண்டு மோட்டார்களை ஓட்டும். ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கி அதே ஜெனரேட்டர்தான் மோட்டார் போலச் சுழன்று டீசலைத் தட்டி எழுப்பும். அதற்குள் ஈரம் இருந்தால் எரிந்துவிடும். அதனால் மெக்கர் வைத்துச் சோதிப்பதும், ஹீட்டர் வைத்து நாள்கணக்கில் காய வைப்பதும் நடக்கும். கிடைக்காத பாகத்துக்கு இன்னொரு ஷண்டரைப் பிரிப்பார்கள். ஒன்று பிழைக்க ஒன்று சாக வேண்டும்.

ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. பெயின்ட் அடித்து மியூசியத்தில் நிறுத்திவிட்டால் செலவு மிச்சமாச்சே, எதற்கு ஓட வைக்க வேண்டும்? யோசித்துப் பார்த்தால், நிறுத்திவைத்த இன்ஜினில் இரும்பு மட்டும்தான் மிஞ்சும். எந்தச் சத்தம் வந்தால் எதைத் திருக வேண்டும் என்பது வேலை செய்த கைகளில் இருக்கிறது. ரிட்டயரான ஃபிட்டர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கிற சனிக்கிழமைகள் போனால் அதுவும் போச்சு. இந்தச் சனிக்கிழமைகளை எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் காட்ட முடியாது. சம்பளம் பூஜ்யம், ஆகவே செலவும் பூஜ்யம்! எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

மிடில்டன்காரர்கள் வேடிக்கை ரயிலோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பயணிகள் சேவை ஒரே வாரம்தான். 1960 செப்டம்பரிலிருந்து பக்கத்துத் தொழிற்சாலைகளின் சரக்கை ஏற்றி இறக்க ஆரம்பித்தார்கள். சம்பளம் வாங்காத ஆட்கள் நடத்திய அந்தச் சரக்கு வியாபாரம் 1983 வரை ஓடியது. ஆசைக்காக ஆரம்பித்ததை நிஜ வேலை கொடுத்தே காப்பாற்றியிருக்கிறார்கள்.

106 பேர் உட்கார்ந்த அந்த டிராமைப் போக்கிரிகள் உடைத்துச் சிதைத்தார்கள். கடைசியில் தீயில் போய்விட்டது. இழுத்த டீசல் இன்றும் பத்திரமாக இருக்கிறது.